ஸ்டேஷனுக்குப் போன கட்டில்

கார்த்திகை பிறந்துவிட்டால் சொர்ணம்மாளின் இடுப்புக்கு ஓய்வில்லை. மழைக்காலம் முழுவதும் சுவரில் ஏறியிருந்த பூஞ்சையைத் துடைத்தாள், தரையை மெழுகினாள், அகல்களை வெந்நீரில் ஊறவைத்துப் பழைய எண்ணெய்ப் பிசுக்கை உரித்தாள், நெல்லைப் பொரித்துப் பனைவெல்லப் பாகில் உருண்டை பிடித்தாள். பர்மாவின் இன்சீன் ரயில்வே பட்டறையிலிருந்து கரியும் எண்ணெயுமாகத் திரும்பும் கணவர் மாரிச்சாமி, உண்ட கையோடு உறங்கிவிடுவார். அவரை எழுப்ப அவளுக்கு மனம் வருவதில்லை.

இவ்வாண்டு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மாவ்பி ஊரிலிருந்து அண்ணன் ராஜரத்தினம் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். தந்தை காலமானபோது, இவள் வீட்டில் அவர் படுத்துவந்த தேக்குக் கயிற்றுக் கட்டிலை அண்ணன் கேட்டார். அப்போது மாரிச்சாமி குளிர்காய்ச்சலோடு அதில் கிடந்தார். சொர்ணம்மாள் தர மறுத்தாள். மறுபேச்சின்றி ரயிலேறிய அண்ணன் அதன்பின் எந்தக் கார்த்திகைக்கும் வரவில்லை. இம்முறை கட்டிலைக் கொடுத்துவிடுவது என்று அவள் உறுதி செய்திருந்தாள். மூட்டைப்பூச்சி போக வெந்நீர் ஊற்றி, கயிற்றை இழுத்துக் கட்டி, வாசலில் காயவைத்தாள்.

அன்று பர்மியரின் தசாங்மோன் பௌர்ணமி. மறுநாள்தான் கார்த்திகை விளக்கு. பக்கத்து வீட்டு டோ மியா, அன்றைக்கென்றே சமைக்கும் மெசலிப் பூமொட்டுக் கறியைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்து, வாசலில் கிடப்பவற்றை உள்ளே எடுத்துவைக்கும்படி சொல்லிப் போனாள். அயர்ச்சியில் சொர்ணம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

விடிந்து பார்த்தால் கட்டில் இல்லை.

"நேத்தே சொன்னேனே. இந்த ஒரு ராத்திரி பசங்க எடுத்தா அது திருட்டு இல்ல. எங்கேயாச்சும் கொண்டுபோய் வெச்சிட்டுச் சிரிக்கும்," என்றாள் டோ மியா. போன வருடம் தன் தண்ணீர்ப் பானையை புத்த மடத்து வாசலில் கண்டெடுத்த கதையையும் சொன்னாள்.

சொர்ணம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலை ரயிலுக்கு அண்ணன் வந்துவிடுவார். கட்டில் இல்லாத வீட்டைப் பார்த்தால், தங்கை ஒளித்துவிட்டாள் என்றே நினைப்பார். மாரிச்சாமி பட்டறைக்குப் போய்விட்டார்; தேடியலைய அவளுக்குத் தெம்பில்லை. உலையை ஏற்றிவிட்டு வாசற்படியில் சாய்ந்தாள்.

தெருமுனையில் கட்டில் ஒன்று தானே நடந்து வருவதுபோல் தெரிந்தது. அதனடியில் ராஜரத்தினம் இருந்தார். இறக்கி வைத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பிளாட்பாரத்துல நின்னுச்சு, ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. கட்டில் கால்ல அப்பா போட்ட வெட்டுக்குறியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுகிட்டேன்."

"நான் ஒளிச்சு வெச்சதா நினைச்சிடுவீங்களோன்னு..."

"ஒளிக்கிறவ ஸ்டேஷன்லயா ஒளிப்பா?"

"உங்களுக்குத்தான் அண்ணே. போகும்போது எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்கடியில் கருமை; கைவிரல்களில் பாகு சுட்ட கொப்புளம்.

"இங்கிருந்து ஸ்டேஷனுக்கு இதை இன்னொரு தரம் என்னால தூக்க முடியாது, தாயி. நீ படு முதல்ல."

உலை கொதிக்கும்வரை மட்டும் என்று சொல்லிக்கொண்டே சொர்ணம்மாள் கட்டிலில் உட்கார்ந்தாள். கயிறு இன்னும் ஈரமாயிருந்தது. அண்ணன் அடுப்படியில் அரிசிப் பானையைத் தேடும் ஓசை கேட்டது. அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமலே உறங்கிப்போனாள்.