ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்

எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். எவர்சில்வர் தாம்பாளத்தில் அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பியிருப்பார்கள். பாஸ்டரம்மா அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதில் அச்சிட்டிருக்கும் வசனம்தான் அந்த ஆண்டுக்கு ஆண்டவர் நமக்கென்று கொடுக்கிற வார்த்தை. வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ கண்ணாடியிலோ ஃப்ரிட்ஜ் கதவிலோ ஒட்டிவைப்போம்.

அந்த வருஷம் என் இடுப்பில் ஐந்து மாதப் பெண் குழந்தை இருந்தாள். எட்டாம் மாதமே பிறந்துவிட்டவள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினாறு நாள் இருந்தவள். அவள் தும்மினாலே நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒருவர் அட்டையை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு என்ன வந்துச்சு சிஸ்டர்?"

"சுகம் வந்திருக்கு. மூட்டு வலிக்குத்தான் கேட்டுட்டு இருந்தேன்."

"எனக்குப் போன வருஷம் வந்ததேதான் மறுபடியும் வந்திருக்கு. போன வருஷத்துதே இன்னும் பாக்கி நிக்குது."

நான் எடுத்த அட்டையில் வாக்குத்தத்தம் எதுவும் இல்லை. கொடுப்பதற்குக் கையில் இருக்கும்போது, கேட்டு வந்த அயலானை நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பாதே என்கிற பொருளில் ஒரு வசனம் இருந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எல்லாருக்கும் ஆண்டவர் ஏதோ தருகிறார், என்னிடம் மட்டும் கேட்கிறாரே என்று தோன்றியது. பிறகு, இது தவறிப்போய்க் கலந்திருக்கும், பிரஸ்காரர் வேறு கட்டிலிருந்து சேர்த்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் பின்னாலிருந்து யாரோ கூப்பிட, பாஸ்டரம்மா திரும்பினார். நான் அந்த அட்டையை மற்ற அட்டைகளுக்கு அடியில் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தேன். உன் வீட்டை எந்தத் தீங்கும் அணுகாது என்று வந்தது. அதைத் தொட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். பாஸ்டரம்மா பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாங்கள் குடியிருப்பது ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டில். எதிரெதிராக எட்டு வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். வீட்டுக்காரம்மா தெலுங்கில் திட்டுவார், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம், கன்னடத்தில் ஒரு வீடு சமாதானம் செய்யும். எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் அஞ்செட்டி மலைப்பக்கத்து நாட்றாம்பாளையத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் வேலை செய்தாள். அவள் கணவன் பர்கூரிலிருந்து கிரானைட் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவான். என் மகள் பிறந்த அதே மாதம் அவளுக்கு ஒரு பையன் பிறந்திருந்தான். அவள் ஷிப்டுக்குப் போகும்போது கடைசி வீட்டு ஆயா அவனைப் பார்த்துக்கொள்வார். பொங்கல் முடிந்ததும் அந்த ஆயா ராயக்கோட்டையில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் அவள் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு ஒத்தாச வேணும். மத்தியானம் ரெண்டரைக்கு வந்துருவன். அது வரைக்கும் இவன உங்க பாப்பா பக்கத்துல போட்டுக்கறீங்களா? நாத்தனா பன்னெண்டாவது பரீட்ச முடிச்சதும் வந்துரும். ரெண்டு மாசம்தான்."

"லீவு கேட்டுப் பாத்தியாம்மா?"

"பிரசவத்துக்குப் போய்ட்டு வந்தவள மறுபடியும் சேத்துக்கிட்டதே பெரிசுன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. இன்னொரு தடவ நின்னா கேட்டுலயே கார்டப் புடுங்கிருவாங்க. இல்லன்னா இவன ஊருக்கு அனுப்பணும். தாய்ப்பால் குடிக்கிற புள்ளக்கா. அதான் கேக்கறன்."

பையனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள். நான் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு இந்தச் சளி ஒட்டிக்கொண்டால்? நெஞ்சில் இறங்கினால்? அவன் என் கையிலிருக்கும்போது விழுந்துவிட்டால்? இரண்டு குழந்தைகளும் ஒரே நேரத்தில் அழுதால் யாரைத் தூக்குவது? இவ்வளவும் ஒரே மூச்சில் மனதில் ஓடின.

"ஜெபிச்சிட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

எங்களுக்குள் இது வழக்கம். மாப்பிள்ளை பார்க்கக் கேட்டாலும், ஞாயிறு பள்ளி நடத்தக் கேட்டாலும், உடனே சரி என்றோ முடியாது என்றோ சொல்வதில்லை. ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்போம். பலர் உண்மையாகவே ஜெபிக்கிறார்கள். ஆனால் முடியாது என்பதை மெதுவாகச் சொல்லவும் அந்தச் சொற்களைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது கேட்கிறவருக்கும் தெரியும். எங்களில் ஒருத்தியாக இருந்திருந்தால் அன்றிரவே வேறு ஆள் தேடியிருப்பாள்.

அவள் எங்களில் ஒருத்தி இல்லை. என் சொல்லை அப்படியே நம்பினாள். முகம் மலர்ந்துவிட்டது.

"சாமிகிட்டயே கேக்கறீங்களா? அப்ப சரிக்கா" என்றாள். மூன்று நாள் சிக் லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

நானும் ஜெபித்தேன். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மூன்று காலையும் மண்டியிட்டு, ஆண்டவரே உமது சித்தம் என்ன என்று கேட்டேன். வேதத்தைத் திறந்து விழுந்த பக்கத்தை வாசித்தேன். முதல் நாள் கூடாரத்துக்கான அளவுகள் வந்தன. இரண்டாம் நாள் பெயர்ப் பட்டியல். மூன்றாம் நாள் திறந்த பக்கத்தை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பதில் மூன்று வாரத்துக்கு முன்பே வந்திருந்தது. நான்தான் அதைத் தாம்பாளத்தில் அடியில் தள்ளிவிட்டு வந்திருந்தேன். அது தெரிந்தும், இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று எழுந்தேன். பையனின் சளி அதற்குள் சரியாகிவிட்டால் நல்லது என்று நினைத்தேன். சரியாகியிருந்தால் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பேனோ? அதை யோசித்து யோசித்து இன்றும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

என் கணவரிடமும் கேட்டேன். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "நாள் பூரா வீட்ல இருக்கறது நீதான். உனக்கு முடியும்னா சரின்னு சொல்லு. முடியாதுன்னா இன்னிக்கே சொல்லிரு. அந்தப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்குது" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பழியை அங்கே வைத்திருப்பேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் குழாயடியில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்கூர்ல குறி கேட்டா அன்னிக்கே சொல்லிரும்க்கா. உங்க சாமி எத்தன நாளு எடுக்கும்?"

பக்கத்தில் குடம் வைத்திருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் நான் சொன்ன வார்த்தை எனக்கே கேட்டது. நாளைக்கு.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் அவளுக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வராவிட்டால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் என்னிடம் வரவில்லை. மாமியாரைக் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் திரும்பியபோது அவள் மாமியார் வந்திருந்தார். பையனின் துணிகளை ஒரு ஜவுளிக்கடைப் பையில் அடைத்திருந்தார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து கடைசியாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது. அவள் தலைநிமிரவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கையில் நிறைந்த ஒரு பை. பனியில் பறித்த அவரைக்காய், வாசனை அடித்தது.

"எடுத்துக்கம்மா. நம்ம காட்டுதுதான். எம்மருமவளுக்காக மூணு நாளு சாமி கும்புட்டியாமே. பெத்தவங்க கூட அப்படிப் பண்ண மாட்டாங்க."

என்னால் அந்தப் பையை வாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. அவரே என் கையில் திணித்தார். அப்போது நான் சொல்லியிருக்கலாம். பையன் இங்கேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நாலு வார்த்தை. அஞ்செட்டி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் வீட்டுக்குள் ஓடி, என் மகளுக்குச் சிறியதாகிவிட்ட கம்பளிக் குல்லாயை எடுத்துவந்து கொடுத்தேன். "மலையில குளிரும்" என்றேன். அவள் அதை வாங்கி மகனுக்குப் போட்டுவிட்டாள். "அளவா இருக்குதுக்கா" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். மத்தியானம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். யூனிஃபார்ம் நனைந்திருந்தது. மறுநாள் ஷிப்டு முடிந்ததும் அவள் கையைத் தூக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றாள். கண்கள் ஜுரத்தில் சிவந்திருந்தன. நான் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பேசினேன்.

"அவனக் கூட்டிட்டு வந்துரும்மா. நான் பாத்துக்கறேன். இப்பவே போன் போடு."

"வேணாங்க்கா."

"நான் நெசமாத்தான் சொல்றேன்."

"தெரியுதுக்கா. நேத்து பூரா அழுதானாம். இன்னிக்கு ஆட்டுப்பாலுக்கு வாயத் தொறந்துட்டானாம். அத்த காலைல போன் பண்ணுச்சு. இப்பத்தான் அடங்கியிருக்கான். மறுபடியும் இழுத்துட்டு வந்து, உங்க பாப்பாக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா மறுபடியும் கொண்டுபோய் உடணும். புள்ள எத்தன தடவ மறக்கும்?"

நான் தொட்டிலைப் பார்த்தேன். என் மகள் விழித்து, கால் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பெண்ணின் முன்னால் நின்றேன். யோசிக்காமல் செய்தேன். என் வாழ்க்கையில் அப்படி யோசிக்காமல் செய்தவை மிகக் குறைவு.

"இவளுக்குக் குடுக்கறியா? உனக்கு வலி குறையுமே."

அவள் என் மகளின் உள்ளங்காலைத் தொட்டாள். மறுபுறம் திரும்பிக்கொண்டாள்.

"குடிச்சா இன்னும் ஊறும்க்கா. வத்தணும். மல்லிப்பூ வெச்சுக் கட்டுனா வத்திரும்னு எங்கம்மா சொல்லும். எனக்கு மார்க்கெட்டு வரைக்கும் நடக்க முடியல. அதத்தான் கேக்க வந்தன். வாங்கிட்டு வர்றீங்களா?"

கல்யாணத்துக்குப் பிறகு நான் பூ வாங்கியதே இல்லை. என் கணவரின் சபையில் பெண்கள் பூ வைப்பதில்லை. அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் போனேன். பனிக்காலம், மல்லி வரத்து இல்லை. மூன்று கடைகளில் கனகாம்பரமும் சாமந்தியும்தான் இருந்தன. நாலாவது கடையில் ஈரத் துணிக்கு அடியில் கொஞ்சம் வைத்திருந்தார்கள். பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் பாட்டு நடத்துகிற சகோதரி எதிரே வந்துவிட்டார்.

"என்ன சிஸ்டர், பூவா?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு."

"ஓ. படத்துக்குப் போடறதா இருக்கும். பாத்து சிஸ்டர். நம்ம கையால வாங்கிக் குடுக்கக் கூடாது. ஜெபிச்சிட்டுச் செய்யுங்க."

இலையில் மடித்ததை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அவள் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பழைய வேட்டியை நீளமாகக் கிழித்தேன். மார்பு இரண்டும் கல்லாக இருந்தன. தொட்டாலே அவள் பல்லைக் கடித்தாள். பூச்சரத்தைச் சுற்றிவைத்து, வேட்டித் துணியால் முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். "இன்னும் இறுக்குங்கக்கா" என்றாள். இறுக்கினேன். ஆறு மாதக் குழந்தைக்கென்று ஆண்டவர் கொடுத்திருந்த உணவு. அதை நிறுத்துவதற்கு என் கைகள் முடிச்சுப் போட்டன. அவள் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. நான் அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதால் அவள் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள்.

அடுத்த நாட்களிலும் காலையில் போய்ப் பூ வாங்கிவந்தேன். அவள் ஷிப்டு முடிந்து வந்ததும் கட்டை அவிழ்ப்பேன். முதல் நாள் பூ பழுப்பாகி, பாலில் ஊறி, துணியோடு ஒட்டியிருந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். நான் சோறு வடித்து எடுத்துப்போவேன், அவள் கையைத் தூக்க வராமல், நான் ஊட்ட ஊட்டக் குழந்தைபோல் வாங்கிச் சாப்பிடுவாள். ஊரிலிருந்து போன் வந்தால் ஸ்பீக்கரில் போடுவாள். பையன் ஏதோ சத்தம் போடுவான். அந்தச் சத்தம் கேட்டதும் கட்டின துணி நனையும். அவள் போனை மெதுவாகக் கவிழ்த்து வைப்பாள். மூன்றாம் நாள் சரத்தின் ஓரங்கள் மட்டும் ஈரமாக இருந்தன. "வலி கொறஞ்சிருக்குதுக்கா" என்றாள்.

நாலாம் நாள் துணியை அவிழ்த்தபோது பூ வாடியிருந்தது. நனைந்திருக்கவில்லை.