ட்வைலாவுக்குச் செய்த ஐம்பது தோட்டாக்கள்

ஆர்லீன் சித்தி இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்தினாலும் அசரமாட்டாள். ஆனால் தோட்டா செய்ய உட்கார்ந்துவிட்டால் ஓர் ஈ பறந்தாலும் அவளுக்கு ஆகாது.

முடக்குவாதத்தில் விரல் கணுக்கள் வீங்கிப்போனதால் கடைத் தோட்டாவின் உதையை அவளால் தாங்க முடியாது. தன் சின்ன ரிவால்வருக்கு, வெடிமருந்தைக் குறைத்துச் சாதுவான தோட்டாக்களைத் தானே செய்துகொள்வாள். எங்கள் மொன்டானாப் பக்கத்தில் அவரவர் செய்ததை அவரவர்தான் சுடவேண்டும். குதிரையிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட சிநேகிதி ட்வைலாவுக்காக மட்டும் சித்தி அதை மீறினாள்.

நான் நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் திறந்தபோது, அவள் பித்தளைக் கூடுகளில் மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், சோறாக்காத குறையாக எதையெதையோ வறுத்துக் கொடுத்தாள். பிறகு போய் மீதியை முடித்தாள். மறுநாள் ட்வைலா வந்து ஐம்பது தோட்டாக்கள் அடங்கிய பெட்டியை வாங்கிப்போனாள்.

சனிக்கிழமை காலை காப்பி குடிக்கும்போது கோப்பை பாதி வழியில் நின்றது.

"நீ உள்ள வந்தப்ப நான் எந்தக் கூட்டுல இருந்தேன்?"

"எனக்கெப்படித் தெரியும் சித்தி?"

"குண்டை அழுத்துறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா பாப்பேன். அன்னிக்குப் பாத்தேனா?"

அவளுக்கே தெரியவில்லை. ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்திருந்தால் ரிவால்வர் ட்வைலாவின் கையிலேயே வெடித்துவிடும். அன்று பத்து மணிக்கு ட்வைலாவுக்குத் துப்பாக்கி சுடும் போட்டி. ட்வைலா போனை எடுக்கவில்லை.

நாற்பது மைல். நான்தான் ஓட்டினேன். சித்தி பெல்ட்டைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"பஸ்ஸையே நான் இதைவிட வேகமா ஓட்டுவேன். மிதிடீ!"

மைதானத்தில் சுட ஆரம்பித்திருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் சித்தி இறங்கி ஓடினாள். "நிறுத்துங்க!" என்று யார் கத்தினாலும் அங்கே எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தாகவேண்டும். பதினோரு பெண்கள் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடீ ஆர்லீன், வீடு பத்திக்கிச்சா?" என்றாள் ட்வைலா, காது மூடியை இறக்கிக்கொண்டே.

"அந்தப் பெட்டியக் குடு. தப்புப் பண்ணியிருக்கேன்."

"இருபது சுட்டாச்சு. பஞ்சு மாதிரி இருக்கு. நான் ஜெயிக்கிறது உனக்குப் பொறுக்கலையா?"

"கை போயிட்டா சீட்டாட்டத்துல எப்படிடீ ஏமாத்துவ? குடு!"

சுத்தியல் மாதிரி ஒரு கருவி உண்டு. அதன் தலையில் தோட்டாவை மாட்டித் தரையில் தட்டினால் குண்டு கழன்று மருந்து கொட்டும். சித்தியின் விரல்களுக்கு முடியவில்லை, நான் தட்டினேன். எல்லாவற்றிலும் அதே ஒரு சிட்டிகை. இருபத்தாறாவதில் குண்டு கழன்றது, மருந்து கொட்டவே இல்லை.

இரண்டு தடவை போடவில்லை அவள். ஒரு கூட்டைத் தாண்டிப் போயிருக்கிறாள். அதைச் சுட்டிருந்தால், கூட்டின் அடியிலுள்ள சின்னத் தீமூட்டி மட்டும் வெடித்துத் தள்ளி, குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கும். எல்லாமே மெதுவாக வெடிக்கிற தோட்டாக்கள். சத்தம் குறைந்தது தெரியாமல் ட்வைலா அடுத்ததையும் சுட்டிருப்பாள். குழல் பிளந்திருக்கும்.

ட்வைலா அந்த வெறுங்கூட்டுக்குள் வெகுநேரம் பார்த்தாள்.

"இனிமே உனக்குச் செய்ய மாட்டேன்," என்றாள் சித்தி.

"செய்வ. திங்கக்கிழமை வந்து உன் வாசல்ல உக்காருவேன். இந்த ஊர்சுத்தி உள்ள வந்தா அவ கால ஒடிச்சிருவேன்."

சித்தி சிரிக்கவில்லை. மீதி நான்கையும் தட்டச் சொன்னாள். நான்கும் சரியாக இருந்தன.

போட்டி மறுபடி தொடங்கியது. ட்வைலா பக்கத்துப் பெண்ணிடம் கடைத் தோட்டாக்களை வாங்கிச் சுட்டாள். ஒவ்வோர் உதைக்கும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் சித்தி மூச்சு விட்டாள்.