கோசோங்

நெபுலா என்பது விண்வெளியில் மிதக்கும் வாயுவும் தூசியும். என் கேமராவில் அது மங்கலாக விழுவதற்கே பல இரவுகள் ஆகும். லாபு எஸ்டேட்டின் செம்பனைத் தோப்பு ஓரமாக நின்றுதான் எடுக்கிறேன்; பக்கத்து நகரமான நீலாயின் விளக்குகள் பாதி வானத்தைத் தின்றுவிடுகின்றன. அந்த வெளிச்சக் கறையைப் பிறகு கணினியில் நீக்க வேண்டும். படத்தில் ஒன்றுமே இல்லாத இடங்களை நாம் தொட்டுக் காட்டினால், அதை அளவாக வைத்து மென்பொருள் கறையைக் கழித்துவிடும்.

ஒரு ஞாயிறு காலை அந்த வேலையில் இருந்தபோது என் மனைவியின் தம்பி வந்தான். வீடு விற்கும் ஏஜெண்ட். திரையின் ஓரத்தைக் காட்டி, “இங்க ஒன்னுமில்ல மாமா, கோசோங் லா. இதையும் தட்டுங்க” என்றான். காலி என்பதற்கு எங்கள் வாயில் வரும் மலாய்ச் சொல் அது. நானும் தட்டித் தொலைத்தேன். அங்கிருந்த நெபுலாவின் மெல்லிய சிவப்பு விளிம்பு கறையோடு கறையாகப் போயிற்று.

“கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு அர்த்தமா?” என்று எரிந்து விழுந்தேன்.

அவன் சிரித்துக்கொண்டே லாட் லாட்டாக மனை பிரித்த புது வீடமைப்பின் வரைபடத்தை விரித்தான். “பழைய எஸ்டேட் நிலம் மாமா. பூரா கோசோங்.”

அவன் விரல் நின்ற இடத்தில்தான் நான் பிறந்த, தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் இருந்தது. அதன் முனையில் எங்கள் காளியம்மன் கோயில்.

செய்ததைத் திருப்பும் விசையைத் தட்டினேன். படத்தில் அழிந்த சிவப்பு திரும்பி வந்தது. “கோயில் எங்கடா?” என்றேன்.

வரைபடத்தில் குனிந்து தேடினான். “அதுவா? கார்னர் லாட். உங்களுக்குப் புக் பண்ணவா?”