வெள்ளை எங்கே காயும்?

போன ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். ஆடித் தள்ளுபடி. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்புவோம்... வரும்போது இரண்டு கையிலும் பை இருக்கும். உங்கள் வீட்டில் எப்படி?

கடையில் சுடிதாரும் நைட்டியுமாக மேஜை மேஜையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். கருநீலம், பழுப்பு, காபி கலர் கிடந்த மேஜைகளில் கை நுழைக்க இடமில்லை. ஓரத்து மேஜையில் வெள்ளையும் சந்தனமும். அதற்குத் தள்ளுபடி அதிகம். ஆனாலும் ஆளில்லை.

"நம்ம ஏரியால வெள்ள போவாதுக்கா. அதான் இந்த ரேட்டு" என்றார் விற்பனையாளர்.

போகாதுதான். திருவொற்றியூரில் குடியிருக்கும் எனக்குத் தெரியாதா? காலையில் மொட்டைமாடியில் காயப் போட்ட துணியைச் சாயந்திரம் உதறித்தான் எடுக்க வேண்டும். கரும்பொடி. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அனல்மின் நிலையம், துறைமுகம், ஆலை என்று ஆளுக்கொரு திசையைக் காட்டுவோம். மற்ற ஊர்க்காரர்கள் துணி எடுக்கும்போது சாயம் போகுமா என்று பார்ப்பார்கள். நாங்கள் அழுக்கு தெரியுமா என்று பார்ப்போம்.

அந்த ஓரத்து மேஜையில் ஒரு பெண் மட்டும் நின்றிருந்தாள். கையில் வெள்ளைச் சுடிதார். பக்கத்தில் அவள் அம்மா — கையில் காபி கலர்.

"எண்ணூர்ல இருந்துகினு வெள்ள கேக்குறியே கவிதா, எங்க காயப் போடுவ?"

"வூட்டுக்குள்ள போட்டுக்கறேன்மா."

"வூட்டுக்குள்ள மட்டும் வராதா? சோத்துத் தட்டுலயே வந்து குந்துது."

கவிதாவுக்கு மறுநாள் முதல் வேலை. அண்ணா நகரில் ஏதோ கம்ப்யூட்டர் ஆபீஸ். நான் ஒட்டுக் கேட்கவில்லை... காதில் விழுந்தது.

"இன்டர்வியூ அன்னிக்கு எல்லாரும் லைட் கலர்ல வந்திருந்தாங்கமா. நா மட்டும் காபி கலர்ல குந்திகினு இருந்தேன். ஒரு பொண்ணு என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, எந்த ஏரியான்னு கேட்டுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"எண்ணூருன்னுதான். வேற இன்னா சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் இருவர் மீதும் இல்லை. முதல் நாள் வேலைக்கு ஒரு பெண் எந்த நிறத்தில் போக வேண்டும் என்பதை ஊர்க் காற்றா முடிவு செய்வது? எனக்குப் பிடித்த கலர் காபி கலர் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேனே... நிஜமாகவே பிடித்துத்தானா?

அம்மா காபி கலரைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெள்ளையை வாங்கினார். தையலைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒன் சித்தி வூடு அயனாவரத்துல கீது இல்ல?"

"அதுக்கு?"

"ஞாயித்துக்கெழமல நா எடுத்துகினு போயி, அங்க தொவச்சு காயவெச்சு கொண்டாந்துடறேன். திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழம போட்டுக்க."

"அதுக்காக அவ்ளோ தூரம் பஸ்ல போவியா?"

"எனக்கு இன்னா, தங்கச்சியப் பாத்தா மாதிரியும் ஆச்சு."

கவிதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பில் போடும் இடத்தில் அம்மாவின் குரல் கேட்டது. "நல்லா மூடறா மாதிரி கவரா குடுப்பா. பஸ் ஏறி வூடு போய்ச் சேரணும்."

என் கையைப் பார்த்தேன். இரண்டு நைட்டி. இரண்டும் காபி கலர். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டுச் சந்தனத்தில் ஒன்று எடுத்துக்கொண்டேன். வெள்ளை எடுக்கத்தான் ஆசை.

எனக்கு அயனாவரத்தில் தங்கச்சி இல்லையே...