கம்ப்யூட்டர் எனக்குக் காட்டாதது

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது கொதிக்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். நெத்திலி வாங்கினால் தெரியும், வாங்காவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில், அன்றைக்கு வந்த கப்பலில் கோதுமையா கந்தகமா என்று என் சட்டையை முகர்ந்தே மனைவி சொல்லிவிடுவாள். எதையும் மூடிவைத்து எங்களுக்குப் பழக்கமில்லை.

அப்படிப்பட்டவள், போன மழைக்குப் பிறகு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்தாள். என்ன வியாதி என்று கேட்டால் சிரிப்பாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் விடாப்பிடியாகக் கூடவே போனேன். அவள் டாக்டர் அறைக்குள் நுழைந்ததும், சீட்டு பதிகிற இடத்துக்கு நடந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் எங்கள் எதிர்வீட்டுப் பெண்தான் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு, கெய்விக்கு இன்னான்னு கொஞ்சம் பாத்து சொல்லேன்."

"என்க்கு பேரு, வயசு, டோக்கன் அவ்ளோதான் தாத்தா வரும். வியாதியெல்லாம் டாக்டரு பாஸ்வேர்டு போட்டாதான் தொறக்கும்."

"அதே பொட்டிதானே?"

"பொட்டி ஒண்ணுதான். தொறக்கறது ஆளுக்கு ஆளு வேற. நீ டாக்டரம்மாவ கேட்டாலும், ஆயா சரின்னாதான் சொல்லுவாங்க."

பெஞ்சுக்கு வந்தேன். மின்விசிறி மெல்லச் சுற்றியது. சன்னல் வழியே உப்புக்காற்று. கண் சொக்கியது. அந்தப் பெட்டிக்குள் நீளமாய் ஒரு தாழ்வாரம், இரண்டு பக்கமும் கதவுகள். ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் என் மனைவி, கல்யாணப் புடவையோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். வாசனை வருகிறது. எந்தக் கதவு என்று தெரியவில்லை.

மனைவி வந்து என் தோளைத் தொட்டதும் விழித்தேன்.

"இன்னாமே, என்னாண்டகூட சொல்லக்கூடாதா?"

"உன்னாண்ட சொன்னா டீக்கடைல சொன்ன மாரிதான். உன் வாயி ஹார்பர் கேட்டுய்யா, லாரி போய்க்கினே கீது."

"கேட்ட மூடிட்டேன்னு வெச்சிக்கோ."

சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, காதோரம் குனிந்து சொன்னாள். அவள் சொன்னது இந்தக் கதையில் வராது. தூரத்தில் ஏதோ கப்பல் சங்கு ஊதியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், சில்லென்று இருந்தது.

மறுநாள் டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னா மாமு, வூட்ல இன்னாவாம்?"

"அத்த கெய்வியாண்டயே கேளு."

"அட! நீயா பேசுற?"

விஷயம் நாக்கு நுனிவரை வந்துவிட்டிருந்தது. சூட்டைக்கூடப் பார்க்காமல், டீயோடு சேர்த்து விழுங்கினேன்.