கபடிக்காரர் வயிறும் என் குளுக்கோஸ் தண்ணீரும்

கபடி மைதானத்து ஓரம் கடை போட்டவர்களுக்குத் தெரியும்: ஆட்டக்காரன் ஜெயித்தால் அவன் தொடைக்குப் பேர், வாந்தி எடுத்தால் நம் தண்ணீருக்குப் பேர்.

எண்பதுகளில் திருவாண்டார்கோயில் பக்கம் பொங்கலுக்குப் போட்டி நடக்கும். சோடா, எலுமிச்சை ஜூஸ், குளுக்கோஸ் விற்பேன். வருஷத்தில் எனக்கு நல்ல வியாபாரம் அந்த நாட்களில்தான். அதற்கும் எவன் உலை வைப்பானோ என்று கடை விரிக்கும்போதே படபடப்பாக இருக்கும்.

கூழ் பதம்

கரையாம்புத்தூர் கேப்டன் ஒரு டப்பா குளுக்கோஸ் முழுவதையும் ஒரே சொம்பில் கொட்டச் சொன்னார். கரண்டி நட்டால் நிற்கும் போலிருந்தது. "வயிறு தாங்குமாப்பா?" என்றேன். "குடிச்ச உடனே கால்ல ஏறும்க்கா" என்றார்.

காலில் ஏறவில்லை. கபடி கபடி என்று பாடிக்கொண்டு போன கேப்டனின் வயிறு, நிரம்பிய குடம் மாதிரி களக் களக்கென்று கூடவே பாடியது. நடுக்கோட்டைத் தாண்டிக் குனிந்தார், அவ்வளவும் வெளியே வந்தது. எதிரணியில் ஒருவரும் அவரைப் பிடிக்க வரவில்லை. ரெஃப்ரீ எட்ட நின்றே விசில் ஊதினார்.

"பாட்டு நின்னு போச்சுப்பா, நீ அவுட். இப்ப நிதானமா வாந்தி எடு."

நர்ஸம்மா சொன்னது

கமிட்டித் தலைவர் நேராக என்னிடம் வந்தார். இன்னொருவன் வாந்தி எடுத்தால் கடையைத் தூக்கிவிடுவாராம். குடித்தவனை விட்டுவிட்டார், கலக்கியவளைப் பிடித்துக்கொண்டார்.

சோடா குடிக்க வந்த நர்ஸம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். கெட்டிச் சர்க்கரையை வயிறு சட்டென்று குடலுக்கு விடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தள்ளுமாம். தள்ளியது குடலுக்குப் போய் உடம்புத் தண்ணீரையே உள்ளே இழுக்குமாம். நீர்க்கக் கலந்து, சிட்டிகை உப்புப் போட்டு, மடக்கு மடக்காகக் கொடுக்கச் சொன்னார். அப்படியே கொடுத்தேன். மண்ணாடிப்பட்டு ஆட்டக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார்.

"இன்னாக்கா, பேதிக்குக் குடுக்கறத எனக்குக் குடுக்கற?"

தலைவர் வைத்த அண்டா

இறுதி ஆட்டத்துக்குத் தலைவரே கலர் பொடி போட்டு, குளுக்கோஸைப் பாகு மாதிரி கரைத்து, இரண்டு அணிக்கும் இலவசமாக அண்டா வைத்தார். என் கடையில் ஈ கூட உட்காரவில்லை. இடைவேளையில் ஆளுக்கு இரண்டு சொம்பு குடித்தார்கள். அப்புறம் பாடப் போனவனும் வயிற்றைப் பிடித்தான், பிடிக்க வேண்டியவனும் வயிற்றைப் பிடித்தான். ஒவ்வொருவராகக் கரும்புக் கொல்லைப் பக்கம் ஓடினார்கள்.

இந்தத் தடவை என் சொம்பை யாரும் தொடவே இல்லை, தப்பித்தேன் என்று நினைத்தேன். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"உன் உப்புத் தண்ணியப் பாத்தாலே பசங்களுக்குக் குமட்டுதாம்மா. அடுத்த வருஷம் கடைய எட்ட போட்டுக்க."

எட்டத்தான் போட்டேன், கரும்புக் கொல்லை ஓரமாக: தலைவர் வருஷா வருஷம் அண்டா வைத்த வரைக்கும், ஓடி வந்து வாந்தி எடுத்துவிட்டு "அந்த உப்புத் தண்ணி இருக்காக்கா?" என்று கேட்க எனக்கு ஆள் குறையவில்லை.