பத்தைக் கழிச்சிக்கோ

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சந்தேகமாக இருந்தால் மணவாள நகரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். காக்களூரில் கம்பெனி வேலைக்குப் போன காலத்தில் நைட் ஷிஃப்ட் முடிந்து சுடுகாட்டு ஓரமாகத்தான் சைக்கிளில் வருவேன், ஒருநாள் நாய் துரத்தியது, அதைத் தவிர ஒன்றும் கண்டதில்லை. அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேறு எவனாவது சொல்லியிருந்தால் முதலில் சிரிப்பவன் நான்தான்.

கம்பெனியை மூடியபிறகு எனக்கு மரம் அளக்கிற வேலை கிடைத்தது. தேர்வாய் கண்டிகை பக்கம், பேக்டரி ஷெட்டுகள் முடிகிற இடத்துக்கு அப்பால் ஒரு காடு இருக்கிறது. எப்போதோ மொத்தமாக வெட்டிப்போட்டு, வெட்டின கட்டையிலிருந்தே திரும்பத் துளிர்த்து வளர்ந்த காடு. அதில் பெரிய மரங்களை மட்டும் தேடிப்பிடித்து, நெஞ்சு உயரத்தில் டேப் சுற்றி அளவெடுத்து, வெள்ளை பெயிண்டில் நம்பர் போட்டு, நோட்டில் எழுத வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. ஒருவர் டேப்பின் முனையை மரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் டேப்போடு மரத்தைச் சுற்றி வரவேண்டும்.

முனை பிடித்தது என் மனைவி ரோஜா. ஏழு வருடம். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, வீட்டிலும் நாங்கள் இரண்டு பேர், காட்டிலும் நாங்கள் இரண்டு பேர். காலையில் ஒரே வண்டியில் போவோம், காட்டோரமாக உட்கார்ந்து நாஷ்டாவை முடித்துவிட்டு வேலையைத் தொடங்குவோம்.

எங்கள் டேப் பழசு. முனையில் இருந்த வளையம் எப்போதோ போய்விட்டது, முதல் பத்து சென்டிமீட்டரில் எண்ணெல்லாம் அழிந்து நார்நாராகக் கிடக்கும். அதனால் ரோஜா பத்தாவது கோட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். டேப்பை இரண்டு தரம் மெல்ல இழுப்பாள், பிடித்துவிட்டேன், நீ நட என்று அர்த்தம். நான் சுற்றி வந்து அவள் விரல்கிட்டே என்ன எண் வருகிறதோ அதைக் கத்துவேன், உடனே அவள், "பத்தக் கழிச்சிக்கோய்யா" என்பாள். ஒவ்வொரு மரத்துக்கும் சொல்வாள். "தெரியும்டி, எத்தினி தபா சொல்லுவ" என்று நான் எரிந்து விழுவேன். "அப்போ புது டேப்பு வாங்கு, நான் ஏன் சொல்லப்போறேன்" என்பாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே ஓட்டிவிட்டேன்.

போன ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். அதற்குமேல் அதைப்பற்றிப் பேச என்னால் முடியாது.

காரியம் முடிந்து வேலைக்குப் போனபோது சூப்பர்வைசர் யாகூப் பாய் வேறு ஆள் போட்டுக்கொள்ளச் சொன்னார். பழவேற்காட்டுக்காரர், நல்ல மனுஷன். நான் மாட்டேன் என்றேன். அவள் நின்ற இடத்தில் இன்னொருவரை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

"ஒத்த ஆளா எப்டி நைனா அளப்ப? பேஜாரு புடிச்ச வேல இது."

"கோணி ஊசிய பட்டையில குத்தி டேப்ப மாட்டிக்கினு சுத்தி வந்துடுவேன் பாய்."

"சரி, மொதல்ல புது டேப்பு வாங்கு. ஞாயித்துக்கெழம நானே வந்து பத்து மரத்த செக் பண்ணுவேன். அளவு ஒயுங்கா இல்லன்னா ஆள் போட்டுத்தான் ஆவணும், சொல்ட்டேன்."

அன்றைக்கே கும்மிடிப்பூண்டி போய்ப் புது டேப் வாங்கினேன். முனையில் பளபளவென்று வளையம், சைபரிலிருந்து எண் சுத்தமாகத் தெரிந்தது. கடைக்காரர் பையில் போட்டுக் கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு வருஷமாக வாங்காததை ஏழு நிமிஷத்தில் வாங்கிவிட்டேன்.

அந்த வாரம் வேலை நன்றாகத்தான் போனது, காட்டில்தான் இருக்க முடியவில்லை. தூரத்தில் லாரி சத்தம், பேக்டரி சங்கு சத்தம் எல்லாம் கேட்கும், பேச ஒரு ஆள் இருக்காது. அளவை வாய்விட்டுக் கத்திவிட்டு, யாருக்காகக் கத்தினோம் என்று நானே வெட்கப்படுவேன். டிபன் பாக்ஸைத் திறந்து அப்படியே மூடி வீட்டுக்குக் கொண்டுவந்த நாளும் உண்டு.

வெள்ளிக்கிழமை, நல்ல உச்சிவெயில். உள்ளே ஒரு இலுப்பை மரம், அந்தக் காட்டிலேயே பெரிசு. வெட்டினபோது அதை மட்டும் ஏனோ விட்டிருக்கிறார்கள். நானும் ரோஜாவும் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. பட்டை கல்லு மாதிரி இருந்தது, கோணி ஊசி குத்தின வேகத்தில் உடைந்துபோனது. வேறு ஊசி இல்லை. வளையத்தைப் பட்டை வெடிப்பில் செருகிவிட்டுச் சுற்றினேன், பாதி வழியில் கழன்று விழுந்தது. மறுபடி செருகினேன், மறுபடி விழுந்தது. மூன்றாவது தரம் செருகிவிட்டு நடந்து மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். செருகின இடம் என் கண்ணுக்குத் தெரியாது, நடுவில் மரம்.

டேப் இரண்டு தரம் இழுபட்டது. மெல்ல.

நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்தில் எனக்குப் பயமே வரவில்லை. பழக்கதோஷம், இழுத்ததும் கால் தானாக நடந்தது. டேப் கொஞ்சமும் தொய்யவில்லை. சுற்றி வந்தேன், கண் எண்ணுக்குத்தான் போயிற்று, டேப் பட்டையோடு அழுந்தியிருந்த இடத்தில் படித்து, "முந்நூத்திப் பன்னெண்டு!" என்று கத்தினேன். கத்திவிட்டு, பதிலுக்காக நின்றேன். பதில் வராமல் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன், அங்கே யாரும் இல்லை. நான் பார்க்கப் பார்க்க டேப் தளர்ந்து என் காலடியில் விழுந்தது. மரத்தைச் சுற்றி முழங்கால் வரை காய்ந்த சருகு, கோழி நடந்தாலே சத்தம் கேட்கும், ஒரு சத்தமும் இல்லை. நோட்டில் 312 என்று எழுதிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெடிப்பில் சிக்கியிருக்கும், காற்றில் இழுபட்டிருக்கும் என்று சொல்வீர்கள். இரண்டு நாள் நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை யாகூப் பாய் ஒரு ஆளோடு வந்தார். ஒன்பது மரத்தில் என் அளவும் அவர் அளவும் அச்சு அசல். கடைசியாக இலுப்பைக்குப் போனோம். இரண்டு தரம் அளந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, மத்ததெல்லாம் கரெக்டா கீது. இது மட்டும் பத்து சென்டி ஏறிக்கீது? எனக்கு முந்நூத்தி ரெண்டுதான் வர்து."

நான் அப்படியே சருகில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாங்கவில்லை என்று நினைத்து அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "உடு, ஒரு மரந்தான. ஒத்தையாவே பண்ணு, நான் ஒண்ணும் சொல்லல" என்று தோளைத் தட்டினார். என் வேலைக்கு ஆபத்து வரவில்லை. நோட்டில் 312-ஐ அடித்துவிட்டு 302 என்று எழுதினேன்.

பழைய டேப்பில் பத்தில் பிடிக்கிற விஷயம் இந்த உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பாய்க்குக்கூடத் தெரியாது, கழித்துத்தான் எழுதிக் கொடுப்போம். நான் புது டேப் வாங்கினது அவளுக்கு எப்படித் தெரியும்? யார் சொல்லியிருப்பார்கள்?

அடுத்த நாள் முதல் வேலையாக இலுப்பைக்குப் போய், மரத்தில் கைவைத்து, "புது டேப்பு வாங்கிட்டேன் ரோஜா. சைபர்லயே புடி, இனிமே கழிக்க வேணாம்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு வளையத்தை வெடிப்பில் செருகிச் சுற்றினேன். கழன்று விழுந்தது. எத்தனையோ தரம் செருகிப் பார்த்தேன், விழுந்துகொண்டே இருந்தது. அன்றிலிருந்து எந்த மரத்திலும் டேப் இழுபடவில்லை. நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தூக்கம் வராமல் கிடக்கிறேன்.

பழைய டேப் இப்போதும் என் பையில்தான் இருக்கிறது. தினமும் அந்த மரத்தைத் தாண்டித்தான் போகிறேன், ஒருநாள்கூட வெளியே எடுத்ததில்லை. அது இழுபட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்குத் துளியும் இல்லை. இழுபடாமல் போய்விட்டால் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.